நாலு நாள் மட்டும்

விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு மேகத்துக்கு மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எங்கள் அக்காவைப் பார்த்ததில்லை. அவள் நம்பர் 638. அவள் வேலைபார்க்கும் விமானக் கம்பெனியில் மொத்த விமானிகளே 638 பேர்தான்.

அங்கே அந்த நம்பர்தான் தலையெழுத்து. வேலையில் சேர்ந்த தேதிப்படி வரிசை போடுவார்கள். ஒரே நாளில் சேர்ந்தால் வயதில் மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால். அக்காவோடு அன்றைக்குச் சேர்ந்தது இன்னொருவன் மட்டும். சட்டை மாட்டிய ஹேங்கர் மாதிரி இருப்பான். அதனால் எங்கள் வீட்டில் அவன் பெயர் ஒல்லி. ஒல்லி அக்காவைவிட எட்டு நாள் மூத்தவன். எனவே அவன் 637.

இதைக் கேட்டதும் அம்மா சொன்னாள்: "எட்டு நாள் முன்னாடி பெத்துக்க நான் ரெடியாத்தான் இருந்தேன். இவதான் உள்ளயே சொகுசா படுத்துக் கிடந்தா."

அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை கத்துவாள். எங்கள் வீட்டில் மூன்றே பேர்: அம்மா, அக்கா, நான். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "அவர் ரிவர்ஸ் எடுத்துப் போனவர், இன்னும் திரும்பலை" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவள். அதனால் வீட்டில் பகல்முழுக்க இருப்பது நான்தான். அக்காவின் பயிற்சியை முழுதாகப் பார்த்ததும் நான்தான்.

பயிற்சி என்றால் முதல் இரண்டு மாதம் விமானமே கிடையாது. காக்பிட்டின் படத்தைப் பெரிய பெரிய தாள்களில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அதைப் பீரோ கதவில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயால் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு ஸ்விட்சாக விரலால் தொடுவாள். மேலே, இடது, நடு, கீழே. வரிசை தப்பினால் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பீரோவிலிருந்து துணி எடுக்கவேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தச் சொல்லித்தான் எடுக்கவேண்டும்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், அட்டையில் ஒரு ஸ்விட்ச் வரைந்து, அவளுக்குத் தெரியாமல் ஒரு மூலையில் ஒட்டிவைத்தேன். என்ன இங்கிலீஷ் எழுதினேனோ, நன்றாகத்தான் எழுதியிருப்பேன். ஐந்து நாள் அக்கா அதையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் சிமுலேட்டர் என்கிற பறக்காத விமானத்தில் உட்கார்ந்தபோது அவள் கை தானாக அந்த மூலைக்குப் போய் வெற்றுத் தகட்டைத் தட்டியிருக்கிறது.

பயிற்சி கொடுத்த கேப்டன் பேசவே மாட்டார். சரியென்றாலும் "உம்", தப்பென்றாலும் "உம்". அன்றைக்குத்தான் முதல்முறையாக முழு வாக்கியம் பேசினாராம்.

"அங்க என்னம்மா இருக்கு?"

அக்கா வீட்டுக்கு வந்து என் காதைத் திருகினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பயிற்சிக் காலத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மற்ற நாட்களில் கன்னம் ஒட்டி, தூக்கத்திலும் விரல் அசைந்துகொண்டு கிடப்பாள்.

தேர்வானாள். வேலை போட்டது வேறு ஊரில். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பெட்ரோல் வாசம், மூடினால் பெயின்ட் வாசம்.

அப்போதுதான் அந்த மாதாமாத வினை ஆரம்பித்தது. பிட்டிங் என்பார்கள். எனக்குத் தெரிந்த பிட் பரீட்சை ஹாலில் சட்டைக் கைக்குள் போவது. இது வேறு. அடுத்த மாதம் எந்த நாள் லீவு வேண்டும், எந்த ஊருக்குப் பறக்கவேண்டும் என்று விமானிகள் எல்லாரும் கம்ப்யூட்டரில் வரிசையாகக் கேட்பார்கள். பத்தாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். பிறகு ஒன்றாம் நம்பர்காரர் கேட்டதைக் கம்ப்யூட்டர் முதலில் கொடுக்கும். அப்புறம் இரண்டு, மூன்று. 638க்கு வரும்போது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டிருக்கும்.

முதல் மூன்று மாதமும் அக்காவுக்குக் கிடைத்தது ஸ்டாண்ட்பை. சீருடை போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கவேண்டும். யாராவது விமானிக்குக் காய்ச்சல் வந்தால் போன் வரும், உடனே ஓடவேண்டும். யாருக்கும் காய்ச்சல் வராவிட்டால் எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

"ஊர்ல ஒருத்தனுக்காவது ஜலதோஷம் பிடிக்கணும்னு வேண்டிக்கிற பொழப்பு ஆயிடுச்சுடி வாலு" என்றாள் போனில். வாலு என்பது நான்.

"கேப்டன் தண்ணி பாட்டில்ல ஐஸ் போட்டு வச்சிடு" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டியிருக்கும் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். அவளிடம் கற்றுக்கொள்கிறவர்கள் கார் ஓட்டும் அழகைப் பார்த்தால் யாருக்கும் தொண்டை கட்டும். நான்கு மாதம் வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளித்தாள். குரல் திரும்பவில்லை. விழுங்கும்போது காது வலித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதை எடுத்து அனுப்பினார்கள்.

டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை.

"குரல்பெட்டியை முழுசா எடுக்கணும். எடுத்தா உயிர் இருக்கும். மூச்சு கழுத்துல போடற ஓட்டை வழியா வரும். சொந்தக் குரல் இனி வராது. பழகினா வேற வழியில ஏதோ சத்தம் வரவைக்கலாம், அது அப்புறம். பேசணும்னு யாராவது இருந்தா முன்னாடியே வந்து பேசிடச் சொல்லுங்க."

அம்மா என்னைக் காட்டி, "இவகிட்ட பேசிப் பேசித்தான் இப்படி ஆச்சு" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

தேதி குறித்தார்கள்: அடுத்த மாதம் பதினேழு, புதன்கிழமை.

அக்காவுக்குச் சொன்னோம். "நான் வந்துடறேன். முன்னாடி ரெண்டு நாளாவது அம்மா பக்கத்துல இருக்கணும். அம்மா பேசறதைக் கேட்டுட்டே இருக்கணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். திங்கள், செவ்வாய் அம்மாவின் பேச்சு, புதன் ஆபரேஷன், வியாழன் கூட இருக்க. நாலு நாள்.

லீவு கேட்டுப் போனாள். சேர்ந்து ஒரு வருஷம் முடியாதவர்களுக்குக் குடும்ப லீவு கிடையாதாம். அவசர லீவு என்றால் எதிர்பாராமல் நடக்கவேண்டுமாம். "இது தேதி குறிச்ச ஆபரேஷன்தானே? பிட்ல கேளுங்க" என்று டூட்டி அட்டவணை போடுகிற ரோஸ்டர் ஆபீஸ்காரர் சொல்லிவிட்டார். அம்மா ரோட்டில் விழுந்திருந்தால் லீவு கிடைத்திருக்கும்.

அக்கா விசாரித்துப் பார்த்தாள். மூத்தவர்கள் எல்லாரும் அள்ளிக்கொள்வது சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை. வாரத்தின் நடுவே வரும் நாட்களைச் சீண்ட ஆளில்லை. 638க்குக்கூட அது கிடைக்கும், அதை மட்டும் கேட்டால்.

"நாலு நாள் மட்டும் போட்டிருக்கேன். வேற ஒரு வரி கேக்கலை" என்றாள். "கடைசி நம்பர்காரங்க நிறைய கேக்கக் கூடாதுடி. கேட்டதை வச்சு மாசத்தை ரொப்ப முடியலைன்னா, கம்ப்யூட்டர் மொத்த லிஸ்டையும் தூக்கிப் போட்டுட்டு, நீ ஒண்ணுமே கேக்காத மாதிரி அதுவா எழுதிடும்."

எனக்குச் சொன்னாள். நான் கேட்டேன். பாதிக் காதில் ஹெட்போன் இருந்தது.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆபரேஷனைப் பதினெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், வியாழக்கிழமை. அக்கா அப்போது ஆகாயத்தில் இருந்தாள். பயிற்சி கொடுத்த அந்த உம் கேப்டனோடு டூட்டி. இறங்குவது ஒரு மணிக்கு. கதவு மூடுவது பன்னிரண்டுக்கு. அவளுடைய பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தவை நிறைய உண்டு.

திறந்தேன். திங்கள் முதல் வியாழன் என்று இருந்ததைச் செவ்வாய் முதல் வெள்ளி என்று மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. அதோடு மூடியிருக்கவேண்டும்.

கீழே வரி வரியாகக் காலிக் கட்டங்கள். அம்மா பத்துநாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கூட இருக்கப்போவது நான் ஒருத்தி. கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்வதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு இரண்டுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அதனால் அடுத்த சனி, ஞாயிறையும் கேட்டேன். அதற்கு அடுத்த சனி, ஞாயிறையும். நடுவில் இருந்த நாட்களை ஏன் அநாதையாக விடவேண்டும் என்று அவற்றையும் சேர்த்தேன். விடிகாலை டூட்டி வேண்டாம் என்று ஒரு கட்டம் இருந்தது, அக்காவின் ஒட்டிய கன்னம் ஞாபகம் வந்தது, அதையும் அழுத்தினேன். கேட்டால்தானே கிடைக்கும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பதினோரு மணிக்கு அனுப்பினேன். பச்சையில் டிக் வந்தது.

ஆபரேஷன் தள்ளிப்போச்சு, பிட்டை மாத்திடறேன் என்று மெசேஜ் போட்டிருந்தேன். அக்கா இறங்கியதும் பேசினாள். "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"வேற எதையும் தொடலையே?"

"நான் என்ன குழந்தையா?"

ஐந்து நாள் கழித்து அடுத்த மாத அட்டவணை வந்தது. ஆபரேஷன் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் ஸ்டாண்ட்பை. வெள்ளி, சனி, ஞாயிறு பறக்கும் டூட்டி. நாலில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூன்று நாள் மட்டும் கேட்ட ஒல்லிக்கு மூன்றும் கிடைத்திருந்தது. ஒல்லி நல்லவன், தன் நாட்களை அக்காவுக்கு மாற்றிக்கொடுக்கக் கேட்டிருக்கிறான். இரண்டு பேரின் டூட்டி நேரமும் ஒத்துவராது என்று கம்ப்யூட்டர் சிவப்பில் மறுத்துவிட்டது.

அக்கா போனில் அம்மாவிடம், "கிடைக்கலைம்மா" என்றாள்.

"விடுடி. உன் நம்பர் அப்படி" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் தப்புவது எனக்குப் பழக்கம். தப்பித்த பிறகு நகம் மிச்சமில்லாமல் போனது அதுதான் முதல்முறை.

அம்மா கடைசிவரை வேலைக்குப் போனாள். குரல் தேய்ந்து, மண்ணெண்ணெய் தீர்ந்த ஸ்டவ் மாதிரி கரகரத்தது. ஒரு பேங்க் கிளார்க் மூன்று முறை டெஸ்டில் தோற்றவர். அவரைப் பாஸ் பண்ணவைத்துவிட்டுத்தான் படுப்பேன் என்று நின்றாள். அதற்குள் ஆஸ்பத்திரித் தேதி வந்துவிட்டது. அவர் பாஸானாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அம்மாவின் பேச்சைப் போனில் பிடித்துவைக்கலாம் என்று பார்த்தேன். கையை உதறினாள். "இந்தத் தவளைக் குரலைப் பிடிச்சு என்ன பண்ணப்போற? எடுத்துட்டுப் போ."

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு கட்டில் கொண்ட வார்டு, எங்களுக்கு ஜன்னலோரம். சாயங்காலம் ஏழு மணிக்கு நர்ஸ் வந்து, எட்டு மணிக்குத் தூக்க மாத்திரை, அதற்குப் பிறகு போன் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அடித்தோம். விமான நிலைய அறையில் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மார்பின்மேல் வைத்தேன்.

பெரிதாக ஏதாவது பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வீட்டு வாடகைச் சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று பேசினார்கள். மிக்ஸியின் மூடி தளர்ந்துவிட்டதைப் பேசினார்கள்.

"வாலுவை அந்த ரெண்டு பாடத்தையும் எழுத வை. அடிச்சாவது எழுத வை."

"அடிச்சா எழுதற ஜாதியா அது?"

"நீ சின்னப் பிள்ளைல எப்படித் தெரியுமா? முட்டி உடைஞ்சா அழமாட்ட. சைக்கிள்ல கீறல் விழுந்தாதான் அழுவ."

"அதைச் சொல்லுமா. நீ சொல்லிக் கேட்டதே இல்லை."

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சிவப்பு சைக்கிள். பக்கத்துத் தெரு ஏற்றம். அக்காவின் பக்கத்திலிருந்து இன்னொரு அழைப்பு வரும் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று.

அம்மா நிறுத்தினாள். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"ஆபீஸா?"

"இருக்கட்டும்மா. அப்புறம் பேசிக்கறேன். ஏற்றத்துல என்ன ஆச்சு?"

"எடுடி."

"எடுக்கமாட்டேன்."

கார் தாறுமாறாகப் போகும்போது வரும் குரல் அம்மாவுக்கு வந்தது. இருந்த கொஞ்ச மூச்சையும் கூட்டிச் சொன்னாள். "வேலைல இருக்க. முதல்ல அதை எடு. நான் எங்கயும் போகல."

அக்கா எடுத்தாள். எங்கள் பக்கம் போன் செத்தது.

ஏழே முக்காலுக்கு நர்ஸ் மாத்திரையோடு வந்துவிட்டார். கால் மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். ஆறு கட்டிலுக்கும் தான் ஒருத்திதான் என்றார். அம்மா விழுங்கினாள், காதைப் பிடித்துக்கொண்டே. எட்டேகாலுக்கு அக்கா அடித்தாள். பின்னால் இன்ஜின் இரைச்சல். விமானத்துக்குள் ஏறும் வழியில் நின்றிருந்தாள்.

"அம்மா?"

"தூங்கிட்டா. எழுப்பட்டுமா?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வேண்டாம். நாளைக்குத் தெம்பு வேணும். தூங்கட்டும்" என்றாள்.

நான் எழுப்பவில்லை. ஒருமுறை தோளில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆபரேஷன் பட்டியலில் அம்மாதான் முதல் ஆள். ஆறரைக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வேறொரு ஊரில் இறங்கித் தங்கி, போனைக் கையிலெடுத்தபோது மணி ஏழு. ஆபரேஷன் எட்டுமணி நேரம் நடந்தது. அம்மா பிழைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் அக்கா வந்தாள், ஒரே ஒரு பகலுக்கு. அம்மாவின் கழுத்தில் குழாய், மூக்கில் குழாய், கையில் ஒரு நோட்டு. கூப்பிடவேண்டுமென்றால் கட்டில் கம்பியை மோதிர விரலால் தட்டுவாள். அக்கா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா கண்ணயர்ந்த பிறகு இருவரும் வராந்தாவுக்குப் போனோம். அங்கே பாதி உடைந்த பெஞ்ச் ஒன்றில் உட்கார்ந்தோம்.

"அக்கா, அந்த பிட்டுல நான்…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அட்டவணை வரும்போது கூடவே ஒரு பக்கம் வரும். என்ன கேட்டோம், ஏன் கொடுக்கலைன்னு வரிசையா இருக்கும். பதிமூணு நாள் கேட்டிருந்த. விடிகாலை டூட்டி வேண்டாம்னு வேற. நாலு நாளும் காலியாத்தான் இருந்துச்சு."

"அன்னைக்கே பார்த்தியா?"

"அன்னைக்கே."

"ஏன் சொல்லலை?"

அக்கா கட்டைவிரல் நகத்தால் பெஞ்சின் பெயின்டைச் சுரண்டினாள். "சொல்லியிருந்தா அம்மா உன்னைத் திட்டியிருப்பா. ஒரு மாசக் குரல்தான் மிச்சம். அதை உன்னைத் திட்டியா தீர்க்கச் சொல்ற?"

அவள் அடித்திருக்கலாம். காதையாவது திருகியிருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பைக்குள்ளிருந்து போனை எடுத்து அடுத்த மாதத்துக்கான பிட்டைத் திறந்தாள். தையல் பார்க்க வரச் சொன்ன தேதியை மட்டும் போட்டு, மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள். பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள் என்பது விரல் போன விதத்திலேயே தெரிந்தது. புதியதை எட்டிப் பார்க்க வெகு சுலபம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

உள்ளே கம்பி தட்டும் சத்தம். போனோம். அம்மா நோட்டில் எழுதினாள். எழுத்து கோணிக் கோணி விழுந்தது. "அன்னைக்கு அந்த போனை எடுத்தியா?"

"எடுத்தேன்மா."

"எத்தனை பேர்?"

"நூத்தி எழுபத்தாறு."

அம்மா தலையசைத்தாள். டெஸ்டில் பாஸானவர்களுக்கு அசைப்பது மாதிரி. பிறகு, "நீ லீவு ஒழுங்கா கேட்டிருக்கலாம்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

"ஆமாம்மா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள் அக்கா.

"அம்மா, அது அக்கா இல்ல…"

"வாலு" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமலே. "போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா."

கட்டிலுக்கடியில் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.